பணி மாற்றச் சோதனையில் 240 மில்லி செகண்ட் வேறுபாடு: இதை எப்படிப் புரிந்துகொள்வது?

மாலைநேர மாணவி:
உளவியல் பாடத்துக்காகக் கணினியில் பணி மாற்றச் சோதனை ஒன்றைச் செய்தேன். 'ஜி 4' என்பதுபோல ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து திரையில் தோன்றும். மேல்பாதியில் வந்தால் எழுத்து உயிரா மெய்யா என்றும், கீழ்ப்பாதியில் வந்தால் எண் ஒற்றையா இரட்டையா என்றும் பார்த்து, இரண்டு விசைகளில் ஒன்றை அழுத்த வேண்டும். அதே பணி தொடர்ந்தபோது என் சராசரி 780 மில்லி செகண்ட். பணி மாறியபோது 1,020. இது மோசமான முடிவா? எப்படிக் குறைப்பது?

பழைய ஆய்வகத்தான்:
அந்த 240தான் மாற்றுச் செலவு எனப்படுவது. இது கழித்தலில் கிடைக்கும் எண் என்பதால் தனியாக நிறுத்திப் பார்த்தால் ஏமாற்றும். ஒருவருக்கு 1,050, 1,150 என்று வந்தால் செலவு 100 மட்டுமே, ஆனால் அவர் இரண்டிலுமே உங்களைவிட மெதுவானவர். ஆகவே ஒரே பணியை மட்டும் செய்த சுற்றின் வேகத்தையும் பிழை விகிதத்தையும் சேர்த்தே பாருங்கள். இரண்டு பணிகளும் கலந்து வரும் கலப்புச் சுற்றில், பணி மாறாத இடத்திலும் தனிப்பணிச் சுற்றைவிட வேகம் குறைந்திருந்தால் அது கலப்புச் செலவு; இரண்டு விதிகளையும் நினைவில் தாங்கிக்கொண்டிருப்பதன் சுமை அது.

செலவைச் சுழியமாக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். 1995இல் உளவியலாளர்கள் ராஜர்ஸும் மான்செலும் ஏறத்தாழ இதே எழுத்து–எண் அமைப்பில் ஆராய்ந்தபோது, அடுத்த பணி எது என்பது முன்கூட்டியே தெரிந்து, தயாராக நேரமும் இருந்த நிலையில் செலவு குறைந்ததே தவிர மறையவில்லை.

விசைப்பலகை:
தயாராகும் அந்த இடைவெளியில் "எழுத்து", "எண்" என்று பணியின் பெயரை மனத்துக்குள் சொல்லிக்கொள்வது உண்மையிலேயே உதவும். எல்லாச் சேர்க்கைகளும் ஒரே அளவு கடினமல்ல என்பதையும் கவனியுங்கள். உங்கள் எடுத்துக்காட்டையே பாருங்கள்: மெய்க்கும் ஒற்றைக்கும் இடது விசை, உயிருக்கும் இரட்டைக்கும் வலது விசை என்றால், 'ஜி 7' எந்தப் பணியிலும் இடதுதான், 'ஜி 4' இரண்டு பக்கமும் இழுக்கும். பெரும்பாலும் நேரமும் பிழையும் கூடுவது இந்த இரண்டாம் வகையில்தான். பயிற்சியால் எண்கள் இறங்கும், ஆனால் அன்றாட வேலைகளில் கவனம் கூர்மையாகிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரங்கள் அப்படிச் சொல்வது வேறு கதை.

மாலைநேர மாணவி:
தனிப்பணிச் சுற்று என் சோதனையில் இல்லையே, ஐயா?

பழைய ஆய்வகத்தான்:
அப்படியானால் கலப்புச் செலவைக் கணக்கிட வழியில்லை. எழுத்துப் பணியை மட்டும் ஒரு சுற்று, எண் பணியை மட்டும் ஒரு சுற்று, பிறகு கலப்பு என்ற வரிசையில் மறுபடி செய்யுங்கள். தவறான விடைகளின் நேரத்தைச் சராசரியில் சேர்க்காமல், பிழைகளைத் தனியே எண்ணி வையுங்கள்.