வெளியே 1959, உள்ளே 1966: இந்தக் கிட்டார் போலியா? அவசரம்

ஆவணப்பெட்டி:
அனைவருக்கும் வணக்கம். மறைந்த புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஒருவரின் கருவித் தொகுப்பைப் பட்டியலிடும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தப்படி அவர் பெயரை இங்கே வெளியிட இயலாது. தொகுப்பிலேயே மிக மதிப்புடையதாகக் குடும்பத்தினர் கருதும் மின்கிட்டார், தலைப்பகுதியின் பின்புறமுள்ள எண்ணின்படி 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் இன்று பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே ஒரு பாகத்தில் 1966ஐக் குறிக்கும் எண் இருந்தது. அப்படியானால் இது போலியா? பட்டியல் நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. தெரிந்தவர்கள் விரைந்து சொன்னால் நன்றியுடையவனாவேன்.

சால்டர்புகை:
எந்த நிறுவனத்தின் கிட்டார், எந்த மாதிரி, எந்தப் பாகம் என்று எதையுமே சொல்லாமல் போலியா என்று கேட்டால் நாங்கள் என்ன சொல்வது? எண்ணை முழுதாகத் தராவிட்டாலும் அதன் அமைப்பையாவது சொல்லுங்கள்.

ஆறுதந்தி:
படங்கள் இருக்கின்றனவா? பின்மூடியைத் திறந்த நிலையில் ஒரு படமும், தலைப்பகுதியின் பின்புறத்தை நேராகப் பார்த்தவாறு ஒரு படமும் வேண்டும்.

பழைய_லேக்கர்:
இந்தக் கேள்விக்கு நான் இதே பகுதியில் எத்தனையோ முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. நீங்கள் பார்த்தது பாட் எனப்படும் ஒலிக் கட்டுப்பாட்டுப் பாகமாகத்தான் இருக்க வேண்டும். அதன் முதுகில் குத்தியிருக்கும் எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்தவரைக் குறிக்கும். 134 என்றால் சென்ட்ராலேப், 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும், கடைசி இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் காட்டும். ஒவ்வொரு இரவும் திருகப்படும் பாகம் தேயும், தேய்ந்தால் மாற்றுவார்கள். ஒரு பாட் 1966 என்பதற்காகக் கிட்டாரையே போலி என்பவர், செருப்பு புதிது என்பதற்காக அதைப் போட்டிருக்கும் ஆளின் வயதைக் குறைத்துச் சொல்பவர்.

மஞ்சள்சுடர்:
எண்களை நம்பவே வேண்டாம். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பாருங்கள். அந்தக் காலத்து நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்ற மெருகுப்பூச்சு வயதாகிவிட்டால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னாளில் மேலே தெளித்த பூச்சு அப்படி ஒளிராமல் கருமையாகவோ ஊதாவாகவோ தனித்துத் தெரியும். ஐந்து நிமிட வேலை இது. இதற்குமேல் எந்தச் சோதனையும் தேவையில்லை.

ஆவணப்பெட்டி:
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். இது கிப்சன் லெஸ் பால். ஓரங்களில் கருஞ்சிவப்பாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருக்கும் சன்பர்ஸ்ட் வண்ணம், பின்புறம் செர்ரிச் சிவப்பு. எண் மையில் அச்சிடப்பட்டிருக்கிறது. 9 என்று தொடங்கி, சிறு இடைவெளிக்குப்பின் நான்கு இலக்கங்கள் வருகின்றன. உள்ளே நான்கு பாட்கள் இருக்கின்றன. மூன்றில் 134 57 என்று தொடங்கும் எண்களும், ஒன்றில் 137 66 என்று தொடங்கும் எண்ணும் உள்ளன. படம் வெளியிட அனுமதியில்லை. அவர் மேடையில் இதை வாசிக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சில இருக்கின்றன. ஆனால் கிட்டாரின் முகப்பில் இப்போது மங்கலாகத் தெரியும் மரவரிகள் அவற்றில் தெரியவில்லை.

ஆறுதந்தி:
வரிகள் தெரியாததைப் பெரிதுபடுத்த வேண்டாம். மேப்பிள் மரத்தின் சுடர்வரி, ஒளி விழும் கோணத்தைப் பொறுத்துத் தோன்றியும் மறைந்தும் போகும். மேடை விளக்கு நேராக அடித்தால் முகப்பு வெறும் பலகைபோலத் தெரியும். தந்தியின் அதிர்வை மின்குறிகையாக்கும் பிக்கப்களைப் பாருங்கள். அடியில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்ற கறுப்பு ஒட்டுச்சீட்டு இருக்கிறதா? அந்தப் பிக்கப்பை வடிவமைத்த கிப்சன் பொறியாளர் சேத் லவர் 1955இல் விண்ணப்பித்தார். காப்புரிமை 1959இலேயே கிடைத்துவிட்டாலும், கிப்சன் அந்தச் சீட்டை ஏறத்தாழ 1962 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்பின் வந்த சீட்டிலோ வேடிக்கையாக, இந்த மாதிரிக்குப் பெயர் தந்த கலைஞர் லெஸ் பாலின் வேறொரு காப்புரிமையின் எண்ணை, அதுவும் தந்திகளைத் தாங்கும் வால்பகுதிக்கு உரியதை, அச்சிட்டார்கள்.

சால்டர்புகை:
சீட்டை யாரும் அச்சடித்து ஒட்டலாம். அதைவிட முக்கியமாக, பிக்கப்பின் உலோக மூடியைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். எந்தப் பற்றவைப்பையும் சூடாக்க வேண்டாம். தொழிற்சாலையில் வைத்த சால்டர் எழுபது ஆண்டு தூசியோடு மங்கிக் கிடப்பதே ஒரு சான்று. ஒருமுறை உருக்கிவிட்டால் அது போய்விட்டது. அந்த 1966 பாட்டின் மேலுள்ள பற்றவைப்பு, மற்ற மூன்றைவிடப் பளபளப்பாகவோ தாறுமாறாகவோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் காலத்துக்குரிய கோடுபோட்ட கறுப்புக் கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) இரண்டும் இன்னும் இருக்கின்றனவா? அவற்றின் கால்களை வெட்டி நீட்டியிருக்கிறார்களா?

மஞ்சள்சுடர்:
பாட் மாறியிருக்கிறது, பிக்கப் மாறியிருக்கலாம், முகப்பு படத்தோடு ஒத்துப்போகவில்லை. இத்தனைக்குப் பிறகும் இதை அசல் என்று எழுதினால் வாங்குபவரை ஏமாற்றுவதாகாதா? பாதிப் பாகம் மாறிய பொருள் எப்படி அசலாகும்?

பழைய_லேக்கர்:
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பது இதுதான். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில்லில் வாங்கிய பழைய ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார்களில் மூன்றின் சிறந்த பாகங்களைச் சேர்த்துத்தான் அவருடைய புகழ்பெற்ற பிளாக்கி கிட்டார் உருவானது. அது 2004இல் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோருடைய கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டருக்கு எத்தனை முறை கழுத்து மாறியது என்பது ஊரறிந்த கதை. 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதன் விலை 39,75,000 டாலர். உங்கள் கணக்குப்படி இரண்டும் குப்பை.

மஞ்சள்சுடர்:
அவற்றில் எது எப்போது மாறியது என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. நீங்கள் விலையைச் சொல்கிறீர்கள், நான் நேர்மையைக் கேட்கிறேன்.

பழைய_லேக்கர்:
நேர்மையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கும் முன், புற ஊதா விளக்கு ஒன்றே போதும் என்று மேலே நீங்கள் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். வெயில் படாமல் மூடிக்கிடந்த இடம் ஒருமாதிரி ஒளிரும், கை பட்டு வியர்த்த இடம் வேறுமாதிரி. மெழுகு தேய்த்திருந்தால் அதுவும் குழப்பும். செயற்கையாக முதுமையூட்டத் தெரிந்தவர்களுக்கு உங்கள் ஐந்து நிமிடச் சோதனையைத் தாண்டுவது பெரிய காரியமல்ல.

மெய்ப்பொருள்காண்:
இருவரும் சற்றே நிறுத்தினால், கேட்டவருடைய பதிலைக் கவனிக்கலாம். எல்லோரும் 1966ஐயே சுற்றிச்சுற்றி வருகிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த மூன்று 57தான். பாட்டின் எண் ஒரு கிட்டார் எந்த நாளுக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதைத்தான் சொல்லும். தொழிற்சாலையில் பழைய இருப்பு மிஞ்சியிருந்து பின்னர் பயன்பட்டிருக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் எஞ்சியிருக்கும் மூன்றுமே 1957ஆக இருக்க, கிட்டார் மட்டும் 1959 என்றால் நான் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பேன். லெஸ் பால் சன்பர்ஸ்ட் வண்ணத்துக்கு மாறியதே 1958இல்தான். 1957இல் செய்தவை தங்கநிற முகப்புடைய கோல்டுடாப்கள்.

ஆவணப்பெட்டி அவர்களே, மூன்று கேள்விகள். முகப்பு மேப்பிளின் இரு பாதிகள் சேரும் ஒட்டுக்கோடு சரியாக நடுவில் ஓடுகிறதா? சன்பர்ஸ்ட்டில் மரம் வெளியே தெரியும் என்பதால், ஒரே பலகையைப் பிளந்து, புத்தகம் விரித்ததுபோல் வைத்து நடுவில் ஒட்டுவார்கள். கோல்டுடாப்பில் வண்ணம் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால் கோடு எங்கே விழுந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. அடுத்து, மேடைப் படங்களில் கிட்டாரின் ஓரம் நடுப்பகுதியைவிடக் கறுத்திருக்கிறதா, அல்லது முகப்பு முழுவதும் ஒரே வெளிர்நிறமா? கடைசியாக, மஞ்சள்சுடர் சொன்ன விளக்கைத் தலைப்பகுதியின் பின்புறத்தில், எண்ணைச் சுற்றி மட்டும் பிடித்துப் பாருங்கள்.

ஆவணப்பெட்டி:
ஒட்டுக்கோடு நடுவில் இல்லை. மேல்பக்கமாக ஒரு விரலகலம் விலகி ஓடுகிறது, இரு பக்க மரவரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. படங்களில் ஓரம் கறுத்திருக்கவில்லை. விளக்கு இன்று மாலை கிடைக்கும். கெப்பாசிட்டர்களில் ஒன்றுதான் கோடுபோட்டது.

ஆறுதந்தி:
அப்படியானால் நான் ஒளிக்கோணம் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வரி மறையலாம், ஆனால் ஓரத்துக் கருமை மறையாது.

சால்டர்புகை:
கழுத்துப்பக்கப் பிக்கப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தில் நான்கு திருகுகள் இருக்கும். பழுதுபார்ப்பவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, தந்திகளைத் தளர்த்தி, அந்த நான்கை மட்டும் கழற்றிப் பிக்கப்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கம்பியை இழுக்க வேண்டாம். முகப்பைச் சுரண்டி மறுவண்ணம் பூசுபவர்கள் குழியின் உள்விளிம்பை அரிதாகவே முழுதாகச் சுத்தம் செய்வார்கள். தங்கநிறத் துகள் இருந்தால் அங்கேதான் இருக்கும். திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருகும் தன் பழைய துளைக்கே திரும்பப் போக வேண்டும்.

பழைய_லேக்கர்:
கோல்டுடாப்பின் பின்புறம் பெரும்பாலும் இயல்பான பழுப்புநிற மஹோகனி மரம் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. செர்ரிச் சிவப்பு இருக்கிறதென்றால் பின்புறத்தையும் சேர்த்தே மாற்றியிருக்க வேண்டும், அத்துடன் எண்ணும் போயிருக்கும். இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெய்ப்பொருள்காண்:
நன்றி, அது பொருத்தமான குறிப்பு. ஆவணப்பெட்டி அவர்களுக்கு இன்னொன்று: இந்தக் கிட்டார் 1959தானா என்பது ஒரு கேள்வி, அது அந்தக் கலைஞர் வாசித்ததுதானா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்கு விடை இல்லை என்று வந்தாலும் இரண்டாவதற்கு ஆம் என்று வரலாம். அவர் வெளிநாடுகளுக்குச் சுற்றுப்பயணம் போனவரென்றால், கருவிகளைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோகச் சுங்கத்துக்காக எடுக்கும் கார்னே பத்திரங்கள் அவருடைய காகிதங்களில் இருக்கக்கூடும். அவற்றில் ஒவ்வொரு கருவியும் வரிசை எண்ணோடு எழுதப்பட்டிருக்கும். ரசிகர்களுக்காக எழுதப்பட்டதல்ல என்பதால் அந்தக் காகிதத்தில் யாரும் பெருமைக்காகப் பொய் எழுதியிருக்க மாட்டார்கள்.

மஞ்சள்சுடர்:
இரண்டு நாளாகிறது. விளக்கைப் பிடித்துப் பார்த்தீர்களா?

ஆவணப்பெட்டி:
தாமதத்துக்கு மன்னிக்கவும். எண்ணைச் சுற்றியுள்ள பூச்சு விளக்கில் கருமையாகத் தெரிகிறது. தலைப்பகுதியின் முன்புறம் மட்டும் பச்சை மஞ்சளாக ஒளிர்கிறது. பழுதுபார்ப்பவர் பிக்கப்பைத் தூக்கியபோது குழியின் உள்விளிம்பில் நகக்கண் அளவுக்குத் தங்கநிறம் ஒட்டியிருந்தது. 1971ஆம் ஆண்டுக் கார்னே ஒன்றும் கிடைத்தது. அதில் இருக்கும் ஒரே லெஸ் பாலின் எண் 7 என்று தொடங்குகிறது, வண்ணம் தங்கம் என்றிருக்கிறது. அச்சை ஒரு நாள் தள்ளிவைத்துக் குறிப்பை மாற்றி எழுதுகிறோம். அனைவருக்கும் நன்றி.

பழைய_லேக்கர்:
1966 பாட் ஒரு பொருட்டே இல்லை என்று தொடக்கத்திலேயே நான்தான் சொன்னேன்.

மெய்ப்பொருள்காண்:
வாழ்த்துகள், ஆனால் அச்சுக்கு அனுப்பும்முன் ஒன்றைக் கவனியுங்கள். 7 என்ற எண் பத்திரத்தில்தான் இருக்கிறது, கிட்டாரில் இல்லை. ஆகவே அந்தப் பத்திரம் இந்தக் கிட்டாரைத்தான் குறிக்கிறது என்பதற்கு உடலிலுள்ள ஏதேனும் ஓர் அடையாளத்தை, உதாரணமாக ஓரப்பட்டையில் விழுந்த வெட்டையோ விரற்பலகைப் பதிப்புகளின் வரிகளையோ, மேடைப் படத்தோடு பொருத்திக் காட்ட வேண்டும். 1971இல் தங்கமாக இருந்தது எந்த ஆண்டில் சன்பர்ஸ்ட் ஆனது, 9 என்று தொடங்கும் எண்ணை அச்சிட்டவர் யார்? அவரே கேட்டுச் செய்வித்திருந்தால் பழுதுபார்ப்பு ரசீது இருக்கும். அவர் மறைந்தபின் நடந்திருந்தால், அதைக் குடும்பத்தினரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டீர்களா?

சால்டர்புகை:
நான்கு நாள் ஆயிற்று. ஆவணப்பெட்டி, இருக்கிறீர்களா?