மரவேலைக்கு 40 சிங்கப்பூர் வெள்ளிக்குள் நல்ல காலிப்பர் எது? டிஜிட்டலா, வெர்னியரா?

காக்கிபுக்கிட்_தச்சன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் ஒரு நண்பரும் காக்கி புக்கிட்டில் சின்ன யூனிட் ஒன்றைப் பங்கு போட்டு எடுத்து வாரக் கடைசியில் மரவேலை செய்கிறோம். புத்தக அலமாரி, டிராயர், தெரிந்தவர்களுக்குச் சாமி மாடம், அவ்வளவுதான். இதுவரை டேப், ஸ்டீல் ரூலர், மூலைமட்டம் மூன்றையும் வைத்தே ஓட்டிவிட்டோம். போன மாதம்தான் மாட்டிக்கொண்டோம். அலமாரிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்கி, ரௌட்டரில் (பள்ளம் வெட்டும் மெஷின்) 18 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டுப் பள்ளம் எடுத்து, தட்டைச் செருகினால் லொடலொட என்று ஆடுகிறது. பக்கத்து யூனிட்காரரிடம் காலிப்பர் (கனம், விட்டம் அளக்கும் கருவி) கடன் வாங்கி அளந்தால் பலகையின் கனம் 17.4. கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்குப் பதினெட்டு என்பது பெயருக்குத்தான் என்று சிரிக்கிறார்.

சரி, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இணையத்தில் 12 வெள்ளிக்கு ஒரு டிஜிட்டல் எடுத்தேன். ஒரே மாதத்தில் பேட்டரி போச்சு, மாற்றினால் அடுத்த மாதமும் போச்சு. அது போதாதென்று நடுநடுவே எண் தானாகத் தாவுகிறது. இப்போது கையில் 40 வெள்ளி இருக்கிறது. டிஜிட்டல், முள் வைத்த டயல், கோடு பார்த்து வாசிக்கிற வெர்னியர், இதில் எது? 150 மில்லிமீட்டர் போதுமா, 200 வாங்க வேண்டுமா? கார்பன் ஃபைபர் என்று போட்டு மலிவாக விற்கிறார்களே, அது எப்படி?

பழைய_ஃபிட்டர்:

தம்பி, முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன், இரும்பு வெர்னியர் வாங்கு. பேட்டரி கிடையாது, பல்சக்கரம் கிடையாது, தூசி விழுந்தால் துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் கையில் எடுத்துத் தள்ளிப் பார்த்து வாங்கலாம், இணையத்தில் அது நடக்காது. தள்ளும்போது ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே மாதிரி வழுக்க வேண்டும், நடுவில் இறுகக் கூடாது, தாடை, அதாவது பொருளைக் கவ்வும் பாகம், பக்கவாட்டில் ஆடக் கூடாது. தாடை இரண்டையும் மூடி விளக்கு வெளிச்சத்துக்கு எதிராகப் பிடி. நடுவில் வெளிச்சக் கோடு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. மூடிய நிலையில் இரண்டு பூஜ்யமும் நேராக நிற்கிறதா என்றும் பார்.

பள்ளிக்கூடத்தில் வெர்னியர் அளவி, மீச்சிற்றளவு, சுழிப்பிழை என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். அந்த லேப் கருவி பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டர்தான் காட்டும். கடையில் கிடைப்பது 0.05 அல்லது 0.02. மரத்துக்கு 0.05 தாராளம். 0.02 வாங்கினால் ஐம்பது கோடும் நெருக்கமாக இருக்கும், எது எதோடு சேர்கிறது என்று பார்க்கக் கண்ணாடி தேடுவதற்குள் பசை காய்ந்துவிடும்.

டயல் வேண்டாம். அதன் உடம்பில் நீளமாகப் பல் வெட்டியிருக்கும், முள்ளைச் சுற்றும் சின்னச் சக்கரம் அதன்மேல்தான் ஓடுகிறது. மரத்தூள் அந்தப் பல்லுக்குள் அடைத்தால் முள் ஒரு பல் தாண்டிவிடும், பூஜ்யமும் கூடவே போய்விடும். உலோகப் பட்டறையில் அருமையான சாமான், மரத்தூள் பறக்கும் இடத்தில் தொல்லை. கார்பன் ஃபைபர் என்று சொல்வது பிளாஸ்டிக்தான், கொஞ்சம் அழுத்தினாலே வளையும். பிள்ளைகளுக்கு அளக்கக் கற்றுக்கொடுக்க ஆகும். 150 போதும். அதற்கு மேல் அகலத்துக்கு டேப் இருக்கிறது.

மாடிவீட்டுப்_பட்டறை:

ஃபிட்டர் அண்ணன் சொல்வதில் டயல், பிளாஸ்டிக் இரண்டையும் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரவேலைக்கு டிஜிட்டல்தான் என்பேன், காரணம் துல்லியம் இல்லை, எந்த இடத்திலும் பூஜ்யம் வைக்கலாம் என்பதுதான். நான் வீவக அடுக்குமாடி வீட்டில் செய்கிறேன், மெஷின் ஓட்ட முடியாது, இழைப்புளியும் உளியும்தான். மார்ட்டிஸ் பள்ளத்தில் (மூட்டுக்காக வெட்டும் துளை) உள்தாடையை வைத்து பூஜ்யம் அழுத்திவிடுவேன். பிறகு வெளித்தாடையால் அந்தத் துளைக்குள் போகிற டெனன் நாக்கைப் பிடித்தால் திரையில் 0.35 என்று வரும். இன்னும் அவ்வளவு சீவ வேண்டும். கழித்தல் கணக்கே இல்லை. வெர்னியரில் இரண்டு எண்ணையும் வாசித்து, எழுதி, கழித்து, அதில் ஒருமுறை நான் தப்பாகக் கழித்து நல்ல தேக்குத் துண்டு ஒன்றை வீணாக்கியிருக்கிறேன்.

பேட்டரி விஷயம். மலிவான டிஜிட்டலில் நீங்கள் அணைப்பது திரையை மட்டும்தான், உள்ளே இருக்கிற சர்க்யூட் தாடை எங்கே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும், அதனால் மேசையில் சும்மா கிடந்தாலும் பேட்டரி இறங்கும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அடுத்து, கூடவே வருவது பெரும்பாலும் எல்ஆர்44, ஆல்கலைன். அதன் வோல்டேஜ் பயன்படுத்தப் பயன்படுத்தச் சரிந்துகொண்டே போகும், காலிப்பருக்கு அது பிடிக்காது. அதே அளவில் எஸ்ஆர்44 என்று சில்வர் ஆக்ஸைடு கிடைக்கும், கிட்டத்தட்டக் கடைசிவரை 1.55 வோல்ட்டில் நின்றுவிட்டு ஒரேயடியாக விழும். விலை கொஞ்சம் கூட, ஆனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். எண்கள் கண் சிமிட்டினால் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம்.

எண் தாவுவதற்கு நம் ஊர்க் காற்றும் காரணமாக இருக்கலாம். அளவுகோல் ஸ்டிக்கருக்கு அடியில் செப்புப் பட்டைகள் இருக்கின்றன, தாடை நகரும்போது மாறுகிற மின்தேக்கத்தை வைத்துத்தான் அது அளக்கிறது. ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுத்ததும் மேலே ஈரம் படியும், கை வியர்வையும் சேரும், உடனே எண் குழம்பும். உலர்ந்த துணியால் துடைத்து இரண்டு நிமிடம் விட்டாலே பலமுறை சரியாகிவிடுகிறது. உறையில் ஐபி54 என்று போட்டிருந்தால் நல்லது. அந்த 5 தூசிக்கு, 4 தண்ணீர்த் தெறிப்புக்கு.

இன்னொன்று, இது எந்தக் காலிப்பருக்கும் பொருந்தும். மரத்தைத் தாடை நுனியில் பிடிக்காதீர்கள். நுனி மெல்லியது, பைன் மாதிரி மெத்தென்ற மரத்தில் பள்ளமே விழும், அளவும் குறைத்துக் காட்டும். உட்பக்கம் தள்ளி, தாடை அகலமாக இருக்கும் இடத்தில் லேசாகப் பிடியுங்கள்.

டெம்பனிஸ்_ராத்திரி_வேலை:

பிராண்டு பெயரில் ஏமாறாதீர்கள். ஜப்பான் பிராண்டு மிட்டுடோயோ என்று அச்சடித்த போலி நிறைய உலாவுகிறது. 40 வெள்ளிக்குப் புது மிட்டுடோயோ டிஜிட்டல் என்று யாராவது போட்டிருந்தால் அது மிட்டுடோயோ இல்லை, அசலுக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். நான் ஒருமுறை வாங்கிவிட்டேன், பெட்டி, தாள், முத்திரை எல்லாம் அச்சு அசல், உள்ளே இருந்தது 15 வெள்ளிச் சாமான். பெயர் தெரியாத பிராண்டை அதன் விலைக்கே வாங்குவது எவ்வளவோ மேல்.

சுங்கைகாடுட்_ஆசாரி:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. மரம் இரும்பு இல்லை, இன்று அளந்த அளவில் நாளைக்கு இருக்காது. தட்டையாக அறுத்த தேக்குப் பலகை 100 மில்லிமீட்டர் அகலம் என்றால், உள்ளே ஈரம் 3 விழுக்காடு மாறினாலே அகலம் சுமார் அரை மில்லிமீட்டர் மாறும். நம் பட்டறையில் கதவைத் திறந்துவைத்துச் செய்கிறோம், வாங்குகிறவர் நாள் முழுக்க ஏர்கான் ஓடுகிற அறையில் வைக்கிறார், சுருங்கத்தானே செய்யும். ஆகவே புள்ளிக்குப் பின்னால் இருக்கிற இரண்டாவது எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கனத்துக்கும், பிட் சைஸுக்கும், டவல் கட்டைக்கும் (மூட்டில் செருகும் உருண்டை மரமுளை) காலிப்பர். மற்றபடி எந்தத் துண்டு எதற்குள் போக வேண்டுமோ அந்தத் துண்டையே வைத்துக் குறிப்பது எப்போதும் பிசகாது.

காக்கிபுக்கிட்_தச்சன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஜாலான் புசார் போய் வந்தேன். ஃபிட்டர் அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள், டிஜிட்டல்தான் வாங்கினேன். ஐபி54, 150 மில்லிமீட்டர், இரும்பு உடம்பு, 34 வெள்ளி, தனியாக எஸ்ஆர்44 இரண்டு. கடையிலேயே தாடையை மூடி வெளிச்சம் பார்த்தேன். முதலில் எடுத்ததில் நுனிப்பக்கம் கோடு தெரிந்தது, இரண்டாவது சுத்தம்.

வீட்டுக்கு வந்து பர்ஸில் இருந்த காசையெல்லாம் அளந்தேன். ஐம்பது காசு 22.97, இருபது காசு 20.98. புதுக் காசுகளின் விட்டம் 23, 21 என்றுதானே. காசு தேய்ந்ததா காலிப்பர் பொய் சொல்கிறதா என்று புரியவில்லை.

இன்னொரு குழப்பம். அந்தப் பிளைவுட்டை நாலு மூலையிலும் அளந்தேன், 17.3 முதல் 17.6 வரை வருகிறது. நான் எந்த எண்ணுக்குப் பள்ளம் எடுப்பது?

பழைய_ஃபிட்டர்:

காசை வைத்தா சோதிப்பது? பத்துப் பேர் கை பட்டுத் தேய்ந்த சாமான் அது. பையனுடைய பழைய ஸ்கேட்போர்டு சக்கரத்தில் 608 என்று எழுதிய பேரிங் இருக்கும், கழற்றி நன்றாகத் துடை. வெளிவிட்டம் 22, உள் ஓட்டை 8. சாதாரண பேரிங்கிலேயே இந்த இரண்டு அளவும் நூறில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது. அகலம் 7 என்று போட்டிருப்பார்கள், அதை நம்பாதே, அதில் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை குறைய இடம் உண்டு. ஓட்டையை அளக்கும்போது 7.9 சொச்சம் காட்டினால் பயப்படாதே, உள்தாடையின் முனை கொஞ்சம் தட்டையாக இருப்பதால் சின்ன ஓட்டையை எல்லாக் காலிப்பரும் குறைத்துத்தான் காட்டும்.

மாடிவீட்டுப்_பட்டறை:

பிளைவுட்டுக்கு எந்த எண்ணும் வேண்டாம், ஆசாரி சொன்னதுதான் வழி. நீளமான இரண்டு நேர்க்கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அதே பலகையின் துண்டு ஒன்றை நிறுத்தி, இரண்டு பக்கமும் கட்டையை ஒட்டித் தள்ளி கிளாம்ப் போடுங்கள். துண்டை உருவிவிட்டால் மிச்சம் இருக்கிற சந்துதான் உங்கள் பள்ளத்தின் அகலம். கழுத்தில் பேரிங் உள்ள 12 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டு ஒரு பக்கக் கட்டையை ஒட்டி ஒரு ஓட்டு, எதிர்ப்பக்கக் கட்டையை ஒட்டித் திரும்பி ஒரு ஓட்டு. எல்லாத் தட்டையும் ஒருமுறை அளந்து, தடிமனான துண்டை வைத்து அமைத்தால் எதுவும் மாட்டாது. 17.3 தட்டு கொஞ்சம் தளரும், அந்த அளவுக்குப் பசை பார்த்துக்கொள்ளும்.

காக்கிபுக்கிட்_தச்சன்:

அக்கா, இப்படிச் செய்தால் பள்ளத்துக்குக் காலிப்பரே தேவையில்லையே! அந்த 34 வெள்ளி?

பழைய_ஃபிட்டர்:

டப்பாவில் எழுத்து அழிந்துபோன டிரில் பிட் ஒரு கை அள்ளுமளவு கிடக்கும் இல்லையா, உட்கார்ந்து அதையெல்லாம் அளந்து பிரித்து வை. முடித்ததும் பேட்டரியைக் கழற்று.