மறு: ‘ஸ்டேட்லெஸ்’ என்பதற்கு ‘நிலையற்ற’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

உலாவியும் வலைத்தளத்தின் வழங்கியும் (சர்வர்) பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபி பற்றிய கட்டுரையில் ‘ஸ்டேட்லெஸ்’ (முன் நடந்ததைக் குறித்துவைக்காத) என்பதை ‘நிலையற்ற’ என்று எழுதலாம் என இவ்விழையில் முன்மொழிந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘நிலையற்ற’ என்றால் இன்றிருந்து நாளை மறையக்கூடியது என்றே தமிழர் பொருள்கொள்வர். திருக்குறளின் 34ஆம் அதிகாரமான ‘நிலையாமை’ பேசுவதும் அதைத்தான். ‘நிலையற்ற நெறிமுறை’ என்று படிக்கும் மாணவர், இணைப்பு அடிக்கடி அறுந்துவிடும் போலும் என்று எண்ணிக்கொள்வார்.

சொல்லைத் தேடுமுன் செயலைப் பார்க்கலாம். உலாவி கோரிக்கை அனுப்புகிறது, வழங்கி மறுமொழி தருகிறது, அத்துடன் அந்தக் கோரிக்கை முடிந்தது. அடுத்த நொடியே அதே உலாவி மறுபடி கேட்டாலும், முன்பு கேட்டது எதுவென்று அறிந்திருக்கும் கடமையை நெறிமுறை வழங்கியின்மேல் சுமத்தவில்லை. ஆகவே கோரிக்கையைப் புரிந்துகொள்ளத் தேவையானவை அனைத்தும் அதற்குள்ளேயே இருந்தாக வேண்டும். கோப்புகளைப் பரிமாறும் நெறிமுறையான எஃப்டிபி அப்படியன்று. ஒருமுறை பயனர்பெயர் தந்து நுழைந்து ஓர் அடைவுக்குள் (கோப்புறைக்குள்) சென்றுவிட்டால், நாம் யார், எந்த அடைவில் இருக்கிறோம் என்பதை அமர்வு முடியும்வரை வழங்கியே வைத்திருக்கும். கோப்பின் பெயரை மட்டும் சொன்னால் போதும். ஆக, இங்கு ‘நிலை’ என்பது உரையாடல் எதுவரை வந்திருக்கிறது என்னும் விவரம். எச்டிடிபி அதைப் பேணுவதில்லை.

எனவே என் பரிந்துரை ‘நிலைபேணா நெறிமுறை’. எதிர்ச்சொல் ‘நிலைபேணும்’, பண்புப்பெயர் ‘நிலைபேணாமை’. (இரண்டாம் வேற்றுமைத்தொகை ஆதலால் இங்கே ஒற்று மிகாது.) ‘நிலைகொள்ளா’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன், ஆனால் மகிழ்ச்சியில் நிலைகொள்ளாமல் தவிப்பவர்தாம் நினைவுக்கு வருகிறார்.

மற்றொரு மடலில் வந்த ‘நினைவற்ற’ மயங்கிக் கிடப்பவரைக் குறிக்கும். ‘தொடர்பறு’ அதைவிடப் பிழையானது. 1997இல் வரையறுக்கப்பட்ட எச்டிடிபி 1.1, இரு கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் ஒரே டிசிபி இணைப்பைத் திறந்தே வைத்து அதன்வழிப் பல கோரிக்கைகளை அனுப்புவதை இயல்பான வழக்கமாக்கியது. இணைப்பு நீடித்தபோதும் ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தே பொருள்கொள்ளப்படுகிறது. இணைப்பு வேறு, நிலை வேறு.

கூடையில் போட்ட பொருளைக் கடைத்தளம் மறப்பதில்லையே, பிறகு எப்படி ‘நிலைபேணா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி, உலாவி சேமித்துவைக்கும் சிறு தரவான குக்கியை உருவாக்கியதே இந்தக் குறையை ஈடுகட்டத்தான். வழங்கி தன் மறுமொழியின் ‘செட்-குக்கி’ தலைப்புவரியில் ஓர் அடையாளத்தை அனுப்புகிறது. உலாவி அதைச் சேமித்துவைத்து, அந்தத் தளத்துக்குச் செல்லும் பின்னைய கோரிக்கைகளோடு இணைத்தனுப்புகிறது. டோக்கனைக் காட்டிப் பையைத் திரும்பப் பெறுவதைப் போன்றது இது: காப்பாளருக்கு நம் முகம் நினைவில்லாவிட்டாலும் டோக்கன் எண் போதும். கூடையின் விவரத்தைப் பேணுவது கடைக்காரரின் செயலி, நெறிமுறையன்று. அதனால் ‘நிலைபேணா’ என்பதை நெறிமுறைக்கு அடையாக மட்டும் எழுதுவோம், வலைத்தளத்துக்குச் சேர்க்க வேண்டாம்.

‘பேணு’ என்பது பராமரிப்பை நினைவூட்டும் என்னும் தடை எழக்கூடும். அப்பொருளுக்குப் ‘பராமரிப்பு’ என்னும் சொல்லே நிலைத்துவிட்டதால் அது பெரிய இடையூறாக எனக்குத் தோன்றவில்லை. வேறிடத்திலும் பொருத்திப் பார்த்தேன்: நடப்பிலுள்ள இணைப்புகளைக் குறித்துவைத்துக்கொண்டு வரும் பொதிகளை (தரவுத் துண்டுகளை) சோதிக்கும் தீயரண் (ஃபயர்வால்) ‘நிலைபேணும் தீயரண்’, ஒவ்வொரு பொதியையும் தனியே எடைபோடுவது ‘நிலைபேணாத் தீயரண்’. இரண்டிலும் பொருள் மாறவில்லை. பொருந்தாத இடம் யாருக்கேனும் தென்பட்டால் எழுதுங்கள்.