'தணிப்புச்சொல்' அன்று, 'தணிப்புக்கூறு'

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வேண்டுகோளின் கடுமையைக் குறைக்கும் பகுதிக்குக் கலைச்சொல்லாகத் 'தணிப்புச்சொல்' என்பதை நம்மிடையே ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். 'தணிப்பு' பொருத்தமானது, 'சொல்' என்பதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. மொரீசியசில் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

இங்கே பிள்ளைகள் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல். அதில் பேனா கேட்க 'மிஸ், டோன் முவா என் ப்லிம், சிலவுப்ளே' (மிஸ், எனக்கு ஒரு பேனா கொடு, தயவுசெய்து) என்றால் போதும். 'தொ' (நீ), 'ஊ' (நீங்கள்) என்று முன்னிலைப் பெயரில் மரியாதை வேறுபாடு உண்டென்றாலும், ஏவல்வினை யாரிடம் பேசினாலும் மாறுவதில்லை. பணிவைச் சுமப்பது கடைசியில் வரும் அந்தத் தனிச்சொல்லே. அதே வழக்கில் மாணவி "மிஸ், தயவுசெய்து பேனா கொடு" என்கிறாள். அவள் பணிவாகத்தான் கேட்கிறாள். ஆனால் தமிழ் பேசி வளர்ந்த பெரியவர் காதில் 'கொடு' மட்டுமே விழுகிறது, 'தயவுசெய்து' அறிவிப்புப் பலகையின் வாசகமாக ஒட்டாமல் நிற்கிறது.

தமிழில் தணிப்பு பெரும்பாலும் வினையின் ஈற்றில் இருக்கிறது. 'தாருங்கள்', 'தருவீர்களா', 'தர முடியுமா', 'தாருங்களேன்' என்று ஈறு மாற மாறத் தொனியும் மாறுகிறது. "அக்கா, அந்தப் பேனாவைக் கொஞ்சம் தாங்களேன்" என்பதில் முறைப்பெயர், அளவைக் குறிக்காத 'கொஞ்சம்', மரியாதை விகுதி, 'ஏன்' என்னும் ஈறு ஆகிய நான்கும் சேர்ந்து கட்டளையை வேண்டுதலாக்குகின்றன. இவற்றுள் பாதி தனிச்சொற்களே அல்ல.

இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. தொல்காப்பிய எச்சவியல் 'ஈ' என்பதை இழிந்தோன் கூற்றாகவும், 'தா' என்பதை ஒப்போன் கூற்றாகவும், 'கொடு' என்பதை உயர்ந்தோன் கூற்றாகவும் வகுக்கிறது. அப்பாகுபாடு இன்றைய பேச்சில் அப்படியே இல்லை. ஆயினும் வேண்டுபவரின் நிலை வினையிலேயே வெளிப்படும் என்ற நுட்பம் அதில் இருக்கிறது. 1978இல் மொழியியலாளர்கள் பிரௌனும் லெவின்சனும் பணிவுக் கோட்பாட்டை வகுத்தபோது ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால் மொழி ஆகியவற்றோடு தமிழ்ப் பேச்சையும் தரவாகக் கொண்டார்கள். அப்படிப்பட்ட மொழியில் இத்துறைக்கான கலைச்சொல் பிறமொழி அமைப்பைப் பின்பற்றி அமைவது முறையாகாது.

ஆகவே 'தணிப்புக்கூறு' என்பதே என் முன்மொழிவு. விகுதி, இடைச்சொல், முறைப்பெயர், வினாவடிவம் யாவும் அதில் அடங்கும். 'தணிப்புச்சொல்' பாடநூலில் அச்சேறினால் ஆசிரியர் ஒரு சொல்லைத்தான் தேடுவார். 'தயவுசெய்து' கிடைத்ததும் நிறுத்திவிடுவார்.

"என் பேனாவில் மை தீர்ந்துவிட்டது" என்பதுபோல வேண்டுகோளுக்கு முன்னோ பின்னோ வரும் காரணம் இதில் சேராது. அது முழு வாக்கியம் என்பதால் அதற்குத் 'துணைக்கூற்று' எனலாம்.