ஃப்ரோஸ்டுக்கு முதல் வாழையைக் கிளப்போணும்

குழு: எங்கட வீட்டாக்கள் (ஸ்காபுறோ – மார்க்கம், கனடா)

வெள்ளி, ஒக்டோபர் தாங்ஸ்கிவிங் லோங் வீக்கெண்ட்

கவி: ஆராவது முழிப்போ? நாளைக்கு இரவு ஃப்ரோஸ்ட் (உறைபனி) எண்டு போனிலை காட்டுது, பின்வளவிலை வாழை என்ரை தலைக்கு மேல ரெண்டு முழம் நிக்குது, சேம்பும் கல்வாழையும் பச்சைப்பசேலெண்டு கிடக்கு, எதை வெட்டுறது எதைக் கிளப்புறது எண்டு ஒண்டும் விளங்கேல்லை 😟

பெரியம்மா: நாளைக்குப் பொழுதுபட முதல் வாழையை மட்டும் கிளப்பிப்போடு பிள்ளை. சேம்பும் கல்வாழையும் ஒரு பனி பட்டு இலை கறுத்தாப் பிறகு கிண்டினாப் போதும், அதுகளுக்கு உயிர் கிழங்கிலை. வாழைத்தண்டு விறைச்சா அழுகல் அப்பிடியே கிழங்குக்கு இறங்கிவிடும்

ரூபன்: எங்கட பக்கத்து வீட்டுக்காரர் 4 வருசமா வாழையை வெளியிலைதானே விடுறார், அடியோடை வெட்டி வைக்கோலும் இலைச்சருகும் இடுப்பளவுக்குப் போட்டு மூடுறார், ஜூனிலை திரும்ப முளைக்குது

சின்னமாமா: அது பாஷோ தம்பி, யப்பான் நார்வாழை. மேல் தண்டு செத்தாலும் கிழங்கு மூடாக்குக்குக் கீழ தப்பும். ஆனா அது தின்னுற பழமில்லை. கவின்ரை வாழை கடையிலை வாங்கின குட்டைக் கவண்டிஷ், ஊர் வாழைக்குச் சொந்தம், அது இந்த மண்ணிலை ஒரு விண்டர் தாங்காது. ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சுத்தான் கனபேர் இழக்கினம்

கவி: சரி மாமா, எப்பிடிக் கிளப்புறது? பேஸ்மென்ற் படியிலை திருப்பவே ஏலாது, அவ்வளவு உயரம்

சின்னமாமா: முதல் இலையெல்லாத்தையும் தண்டோடை ஒட்ட வெட்டு, நடுவிலை சுருண்டு நிக்கிற குருத்தை மட்டும் விடு. பழைய சேட் போடு, கயர் பட்டாப் போகாது. அடியிலையிருந்து ஒரு அடி தள்ளிச் சுத்திவர மண்வெட்டியாலை வெட்டு, வேர் அறுந்தாப் பரவாயில்லை, புதுசு வரும். உயரம் கூடவெண்டா தண்டை 4 அடியிலை வெட்டலாம். பயப்பிடாதை. அது மரமே இல்லை, மடலுக்கு மேல மடல் சுத்தினதுதானே, குருத்து அடியிலையிருந்து திரும்பத் தள்ளிக்கொண்டு வரும். போன மே மாதம் நான் வெளியிலை வைச்சு நுனியை வெள்ளை தெரியுமட்டும் சீவினன், ரெண்டு மூண்டு நாளிலை நடு மட்டும் ஒரு இஞ்சி மேல வந்து நிண்டுது, வட்டமா, வெண்ணெய் மாதிரி

பெரியம்மா: இலையை எறிஞ்சுபோடாதை, நாளைக்குப் புரட்டாசிச் சனி. நல்லதா நாலைஞ்சு தலைவாழை எடுத்துக்கொண்டு வா, மிச்சத்தைத் துடைச்சு மடிச்சு ஃப்ரீசரிலை வை. கிழிஞ்சதுகளைப் பேப்பர் பாக்கிலை போடு, பிளாஸ்ரிக் பையெண்டா குப்பைக்காரர் எடுக்கமாட்டாங்கள்

கவி: உள்ளுக்கை கொண்டுபோனாப் பிறகு எத்தினை நாளைக்கு ஒருக்காத் தண்ணி விடுறது?

பெரியம்மா: விடாதை பிள்ளை. ஒரு சொட்டும் விடாதை. முந்தின வருசம் நான் என்ரை வாழையை வீடு சூடாக்கிற ஃபேர்னஸுக்குப் பக்கத்திலை வைச்சு, காஞ்சுபோகுமே எண்ட பாவத்திலை ஒவ்வொரு வெள்ளியும் ஒரு செம்பு விட்டனான். மாசி மாதம் பேஸ்மென்ற் கதவைத் திறக்க ஒரு நாத்தம். தண்டை அமத்திப் பாத்தன், விரல் அப்பிடியே உள்ளுக்கை போட்டுது. 6 வருசம் வளத்தது. அண்டைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை

சின்னமாமா: சூடும் ஈரமும் சேந்தா அதுதான். இலையில்லாமல் நித்திரை கொள்ளுற வாழை தண்ணி குடிக்காது. பேஸ்மென்றிலை சூடு போடாத கோல்ட் ரூமிலை வை, 5 பாகையிலையிருந்து 10க்குள்ள நிண்டாப் போதும். ஒரு தேமாமீற்றர் தொங்கவிடு, ஜனவரியிலை சீரோவுக்குக் கிட்டப் போனா உள்கதவை நீக்கலா விடு. சிமெந்திலை நேர வையாதை, கீழ காட்போட் போடு. அதுக்கு முதல் ஒரு இரவு கராஜிலை தலைகீழாச் சாத்தி வை, மடலுக்குள்ள நிக்கிற தண்ணி வடியோணும்

ரூபன்: பக்கத்துக் குட்டிகளை என்ன செய்யிறது

பெரியம்மா: ஒண்டைச் சாடியிலை வைச்சுத் தெற்கு யன்னலடியிலை விடுங்கோ, அதுக்கு மண் காஞ்சாப் பிறகு கொஞ்சத் தண்ணி. இலைக்குக் கீழ சிலந்திப்பூச்சி வரும், ஈரத்துணியாலை துடையுங்கோ. தாய் போனாலும் பிள்ளை இருக்கும்

கவி: கறிவேப்பிலை?

பெரியம்மா: ஐயோ அது இன்னும் வெளியிலையோ?? இப்பவே தூக்கு

சனி, இரவு 8:40

கவி: [போட்டோ] முடிஞ்சுது. ரூபன் அண்ணையும் நானும் ரெண்டு மணித்தியாலம். வெட்டின இடம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா, நடு நல்ல வெள்ளை. கராஜிலை தலைகீழா நிக்குது, கீழ வாளி வைச்சிருக்கிறன்

சின்னமாமா: நல்ல வெள்ளைதான். இனி மே மாத விக்டோரியா டே லோங் வீக்கெண்டுக்குப் பிறகுதான் வெளியிலை எடுக்கிறது, அதுக்கு முதல் ஒரு வெயிலைக் கண்டு ஏமாறக்கூடாது

ஞாயிறு, காலமை 7:15

கவி: கால் வாளித் தண்ணி வடிஞ்சிருக்கு!! கார்க் கண்ணாடி முழுக்க வெள்ளை. சேம்பிலையெல்லாம் சுடுதண்ணி ஊத்தின கீரை மாதிரித் தொங்கிப்போச்சு

பெரியம்மா: பரவாயில்லை, கறுக்கட்டும். செவ்வாய்க்கிழமை கிண்டு. கிளவுஸ் போடு, சேம்பு கை கடிக்கும். ரெண்டு மூண்டு நாள் காயவிட்டுப் பேப்பரிலை சுத்திப் பெட்டியிலை போட்டுப் படிக்குக் கீழ வை, சேம்பு கோல்ட் ரூம் குளிருக்குச் சரிவராது. கல்வாழைக் கிழங்கை வாழையோடை வைக்கலாம். மாதம் ஒருக்காத் திறந்து பார், மெதுவானதை எடுத்து எறி