இன்ஜின் லைட் எரிஞ்சுட்டே இருக்கு, கோடு பி0171, ஆக்ஸிஜன் சென்சார் மாத்தணுமா?

ஞாயிறு_மெக்கானிக்:
எல்லாருக்கும் வணக்கம். பெட்ரோல் கார், 8 வருஷம் ஆச்சு. போன வாரம் மீட்டர்ல அந்த மஞ்ச இன்ஜின் லைட் வந்துச்சு, மினுக்கல, அப்படியே நிக்குது. ஓட்டும்போது ஒண்ணும் தெரியல ஆனா சிக்னல்ல நின்னா ஐடில் லேசா ஆடுது, ஸ்டீயரிங்ல கை வெச்சா தெரியுது. கார் கோளாறு கோடைப் படிக்கிற ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்குற 16 பின் சாக்கெட்ல சொருகிப் பார்த்தேன், பி0171னு ஒரே கோடு, "சிஸ்டம் டூ லீன், பேங்க் 1". தேடினா பாதிப் பேர் ஆக்ஸிஜன் சென்சார் மாத்துங்கறாங்க, கார்ட்ல போட்டு வெச்சிருக்கேன். ஆர்டர் போட்டுடவா?

ராத்திரி_டிரைவ்:
பேட்டரி நெகட்டிவ் ஒயரை 10 நிமிஷம் கழட்டி மாட்டுங்க ப்ரோ, லைட் போயிடும். எனக்குப் போச்சு.

கிரீஸ்_கை:
லைட் போகும், கோளாறு போகாது. அதோட கோடும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து அழிஞ்சிடும், லைட் வந்த நேரத்துல இன்ஜின் என்ன ஸ்பீடு, என்ன சூடுன்னு ஈசியூ, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டர், எழுதி வெச்ச குறிப்பு அது, அதை முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க தம்பி.

சென்சாரை இப்ப வாங்காதீங்க. பி0171ன்னா காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு (அதான் லீன்) புகையில ஆக்ஸிஜனை அளக்குற ஆக்ஸிஜன் சென்சார் சொல்லுதுன்னு அர்த்தம், சென்சார் கெட்டுப்போச்சுன்னு இல்ல. புகார் கொடுக்க வந்தவனையே புடிச்சு உள்ள போடற கதை. சென்சார் ஹீட்டர் போனா அதுக்கு பி0135 மாதிரி தனி கோடே இருக்கு.

ஆப்ல லைவ் டேட்டான்னு ஒண்ணு இருக்கும், அதுல ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃபியூல் ட்ரிம் ரெண்டையும் பாருங்க, ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுன்னு அதுல தெரியும். இன்ஜின் நல்லா சூடானப்புறம் ஐடில்ல ஒரு தடவ, ஆக்ஸிலேட்டர் மிதிச்சு 2500 ஆர்பிஎம்ல நிறுத்தி ஒரு தடவ. ரெண்டையும் கூட்டுங்க. ஐடில்ல எக்கச்சக்கமா இருந்து 2500ல இறங்கிட்டா எங்கயோ காத்து லீக். ஏன்னா ஐடில்ல இன்ஜின் இழுக்குற காத்தே கொஞ்சம், அதுல ஓட்டை வழியா வர்றது பெரிய பங்கு. தலைகீழா, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறுச்சுன்னா பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இல்ல உள்ள வர்ற காத்தை அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கா இருக்கான்னு அந்தப் பக்கம் பாக்கணும்.

ஒண்ணு கேக்கணும், லைட் வர்றதுக்கு முன்னாடி பானட்டைத் திறந்து ஏதாவது கை வெச்சீங்களா?

ஞாயிறு_மெக்கானிக்:
ஐடில்ல ஷார்ட் +6 லாங் +17, மொத்தம் 23. 2500ல மொத்தம் 5தான். கை வெச்சதுன்னா... அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஏர் ஃபில்டர் நானே மாத்தினேன் அண்ணா 😬

கிரீஸ்_கை:
நெனச்சேன். ஃபில்டர் பாக்ஸ்ல இருந்து த்ராட்டில் (காத்து போற வழியைத் திறந்து மூடுற வால்வ்) வரைக்கும் போற ரப்பர் குழாயை மடிப்பு மடிப்பா விரிச்சுப் பாருங்க, வெடிப்பு மடிப்புக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். கிளாம்ப் டைட்டா, வால்வ் கவர்ல இருந்து இன்ஜின் ஆவியைக் கொண்டு வர்ற பிரீதர் குழாய் சொருகியிருக்கான்னும் பாருங்க. ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி நுழையுற காத்து கணக்குலயே வராது, ஈசியூ அதுக்குப் பெட்ரோல் ஊத்தாது, லீன்னு கத்தும். சூடான இன்ஜின்ல பிரேக் கிளீனர் அடிச்சு லீக் தேடுற வீடியோ நெறய சுத்துது, அதை மட்டும் செய்யாதீங்க, தீப்புடிக்கும். காதை வெச்சாலே உஸ்னு கேக்கும்.

தூக்கம்_இல்ல:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும், எனக்கு பி0301, லைட் மினுக்குது. ஓட்டலாமா?

கிரீஸ்_கை:
ஓட்டாதீங்க. மினுக்கினா மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது, பலமா இருக்கு, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதைக் காலி பண்ணிடும். கோடுல கடைசி நம்பர்தான் சிலிண்டர், உங்களுக்கு 1. இன்ஜின் ஆறினப்புறம் பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்குற 1ம் சிலிண்டர் காயிலை 3க்கு மாத்திப் போட்டு, கோடை அழிச்சுட்டு நின்ன இடத்துலயே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. பி0303ன்னு வந்தா காயில்தான். 1லயே நின்னா பிளக்கைக் கழட்டிப் பாருங்க, பிளக் குழியில ஆயில் தேங்கியிருந்தா வால்வ் கவர் கேஸ்கெட் லீக்.

ஞாயிறு_மெக்கானிக்:
கிடைச்சிடுச்சு!! பிரீதர் குழாய் மேல இருந்து பார்த்தா சொருகின மாதிரியேதான் இருந்துச்சு, விரலால தொட்டதும் கையோட வந்துடுச்சு, ஃபில்டர் பாக்ஸ் மூடியைத் தூக்கும்போது நான்தான் இழுத்துவிட்டிருக்கேன். உள்ள அழுத்தி கிளிப் போட்டதும் ஐடில் உடனே அடங்கிடுச்சு. கோடை அழிக்கணுமா அண்ணா?

கிரீஸ்_கை:
அழிக்கலாம். அழிக்காட்டியும் கோளாறு இல்லாம வரிசையா மூணு டிரைவ் சைக்கிள் (ஸ்டார்ட் பண்ணி, ஓட்டி, ஆஃப் பண்றது ஒரு சைக்கிள்) ஓடினா லைட் தானா அணையும். புகை டெஸ்ட் பக்கத்துல இருந்தா அழிக்காதீங்க, ரெடினஸ் மானிட்டர், அதாவது ஈசியூ தானே பண்ணிக்குற சோதனை, எல்லாம் முதல்ல இருந்து ஓடணும், அதுவரைக்கும் சில இடத்துல டெஸ்டே எடுக்க மாட்டாங்க.

ஞாயிறு_மெக்கானிக்:
அழிக்கல, நாலாம் நாள் காலைல தானா அணைஞ்சிடுச்சு. லாங் டேர்ம் இப்ப 3. சென்சாரை கார்ட்ல இருந்து தூக்கிட்டேன்.

தூக்கம்_இல்ல:
எனக்கு பி0303 வந்துச்சு, புது காயில் ஆர்டர் போட்டிருக்கேன்.