பனியன் துண்டுத் துணியில் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (பெருந்துறையிலிருந்து):
அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் கட்டிங் வேலை பார்க்கும் என் தம்பி, விடுமுறைக்கு வந்தபோது ஒரு மூட்டைப் பனியன் துண்டுத் துணிகளைப் போட்டுவிட்டுப் போனான். 8 வயதிலும் 11 வயதிலும் இருக்கும் என் பெண்கள் அந்த மூட்டையை விட்டு நகர மறுக்கிறார்கள். என்னிடம் மிதி தையல் இயந்திரம் இருக்கிறது. முதலில் ஒரு யானை பொம்மை தைத்துப் பார்த்தேன். ஆங்காங்கே தையல் விட்டுப்போயிற்று, துதிக்கையை வெட்டும்போதே ஓரம் சுருண்டுகொண்டது, பஞ்சை அடைத்ததும் வயிறு பூசணிக்காய்போல் உப்பிவிட்டது. குற்றம் துணியிலா, என் கையிலா? பிள்ளைகள் தாமே செய்யக்கூடிய எளிய வேலைகள் இருந்தாலும் சொல்லுங்கள்.

மறுமொழி (திருப்பூர், தையல்காரர்):
சகோதரி, தையல் விடுவதற்கு முதற்காரணம் பெரும்பாலும் ஊசிதான். கூர்முனை ஊசி பனியன் துணியின் பின்னல் கண்ணிகளை விலக்காமல் அவற்றின் நூலையே குத்துவதால், துணி ஊசியோடு சேர்ந்து மேலே எழும்பி, அடியில் பாபின் நூலைப் பிடிக்க வேண்டிய வளையம் சரியாக விழாமல் போகிறது. உங்கள் இயந்திரத்தின் ஊசியைக் கடையில் காட்டி, அதே வகையில் முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசியாக 11 அல்லது 14 எண்ணில் வாங்குங்கள். பாலியெஸ்டர் நூலைப் போடுங்கள்; துணியைக் கையால் இழுக்காதீர்கள். அடியில் செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுத்தால் துணி நெளியாது.

மூட்டையில் இருப்பதெல்லாம் ஒரே துணியாகவும் இராது. வெட்டிய ஓரம் சுருண்டால் சிங்கிள் ஜெர்சி. சுருளாமல், இரு முகமும் ஒன்றுபோல் இருந்தால் இன்டர்லாக். பொம்மைக்கு இன்டர்லாக்கே ஏற்றது. வயிறு உப்பாமலிருக்கப் பழைய வேட்டித் துணியில் உள்ளுறை தைத்து, பஞ்சை அதற்குள் அடையுங்கள். நெய்த துணி பனியனைப்போல நீளாது.

மறுமொழி (பவானி):
சுருளும் துணியை ஒதுக்கிவிடாதீர்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. அகலவாக்கில் 1 அங்குலப் பட்டைகளாக வெட்டி இழுத்தால், ஓரங்கள் உள்ளே சுருண்டு பருமனான நூலாகிவிடும். பட்டைகளின் முனைகளில் சிறு துளையிட்டு ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்தால் முடிச்சே தெரியாது. பெரியவளுக்கு விரல் பின்னலைச் சொல்லிக் கொடுங்கள்: கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களிலும் பட்டையை முன்னும் பின்னுமாக வளைத்து இரண்டு வரிசை சுற்ற வேண்டும், பிறகு கீழ்வரிசைக் கண்ணி ஒவ்வொன்றையும் மேல்வரிசையைத் தாண்டி விரலுக்குப் பின்னால் தள்ள வேண்டும், மீண்டும் ஒரு வரிசை சுற்றித் தள்ள வேண்டும். கையின் பின்புறம் கயிறு இறங்கிக்கொண்டே வரும். ஜமக்காளத் தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு, தறியில்லாமல் விரிப்பு வரும் என்பதே முதலில் நம்ப முடியாததாக இருந்தது. அந்தக் கயிற்றை வட்டமாகச் சுற்றிக் கைத்தையல் போட்டால் மிதியடி ஆகிவிடும். இழுத்துச் சுற்றினால் மட்டும் கிண்ணமாகக் குழிந்துவிடும். என் முதல் மிதியடி இன்று சின்ன வெங்காயக் கூடையாக இருக்கிறது.

மறுமொழி (கோபிசெட்டிபாளையம்):
அம்மணி, சின்னவளுக்குத் துணியில் அஞ்சாங்கல் தைக்கக் கொடுங்கள். இதற்குப் பனியன் துணி ஆகாது, நெய்த துணியே வேண்டும். இல்லாவிட்டால் தானியம் எட்டிப் பார்க்கும். 4 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உள்ள துண்டை இரண்டாக மடித்து, ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு மற்றவற்றைத் தைத்துப் புரட்டி, வெயிலில் காய்ந்த கம்பைப் பாதிக்குமேல் நிரப்புங்கள். திறந்த வாயை அடித்தையலுக்குக் குறுக்காகப் பிடித்து மூடினால் சமோசா வடிவம் வரும். இதைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. யானைக்குப் பொத்தான் கண் வைக்காதீர்கள்; கைக்குழந்தை வந்துபோகும் வீடானால் நூலால் தைத்த கண்ணே நல்லது.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. ஊசியை மாற்றிய பிறகு ஓரிடத்திலும் தையல் விடவில்லை. பெரியவளின் கயிறு திண்ணையின் நீளத்தைத் தாண்டிவிட்டது. சின்னவள் மூன்று கல் முடித்திருக்கிறாள். பழைய யானையைப் பிரித்துச் சரிசெய்ய மட்டும் அவள் விடவில்லை. அதற்குப் பன்றிக்குட்டி என்று பெயர் வைத்துக்கொண்டாள்.